அதிக ஓட்டு வாங்கியவர் தோற்பது எப்படி? அமெரிக்க அதிபர் தேர்தலும் தேர்வாளர் குழுவும்

2016 நவம்பரில் ஹிலாரி கிளின்டனுக்குக் கிடைத்த ஓட்டு சுமார் 6 கோடியே 58 லட்சம். டொனால்டு டிரம்ப்புக்குக் கிடைத்தது சுமார் 6 கோடியே 30 லட்சம். அதிபரானவர் டிரம்ப். கள்ள ஓட்டோ எண்ணிக்கையில் குளறுபடியோ இதற்குக் காரணம் இல்லை, சட்டம் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. 28 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கியவரை வீட்டுக்கு அனுப்பும் ஒரு சட்டம் இருநூறு வருடங்களுக்கு மேலாக அங்கே இருக்கிறது. அது எப்படி வந்தது, எப்படி வேலை செய்கிறது, அதை வைத்துக்கொள்ளலாமா மாற்றலாமா என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சண்டை நடக்கிறது. முதல்முறையாகப் படிப்பவர்களுக்காக அதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். மாற்ற வேண்டும் என்பதுதான் என் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மாற்ற வேண்டும் என்பவர்களில் நிறையப் பேர் கோளாறு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைக் காட்டுகிறார்கள் என்றும் நினைக்கிறேன்.

முதலில் இது நடக்கும் விதம். அமெரிக்கர்கள் நவம்பரில் போய் ஒரு அதிபர் வேட்பாளரின் பெயருக்கு நேரே குறியிடுகிறார்கள். சட்டப்படி அந்த ஓட்டு போய்ச் சேர்வது அந்த வேட்பாளருக்காக அந்த மாநிலத்தில் கட்சி நிறுத்தியிருக்கும் தேர்வாளர்கள் என்ற சிலருக்கு. பெரும்பாலும் கட்சியில் நெடுநாள் உழைத்தவர்கள், உள்ளூர்ப் பிரமுகர்கள். வாக்காளருக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது, பல மாநிலங்களில் ஓட்டுச்சீட்டில் அவர்கள் பெயரே இருக்காது. நாடு முழுக்க இப்படி 538 பேர். இவர்களைச் சேர்த்துத்தான் எலக்டோரல் காலேஜ் என்கிறார்கள், நான் தேர்வாளர் குழு என்றே எழுதுகிறேன். குழு என்றாலும் அவர்கள் ஒரே இடத்தில் கூடுவது கிடையாது. டிசம்பர் நடுவில் அவரவர் மாநிலத்தில் கூடி ஓட்டுப் போட்டு, சான்றிதழை வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். ஜனவரி 6ஆம் தேதி நாடாளுமன்றத்தின் இரு சபைகளும், அதாவது பிரதிநிதிகள் சபையும் செனட்டும், சேர்ந்து உட்கார்ந்து அதை எண்ணுகின்றன. 538இல் பாதிக்கு மேல், அதாவது 270 கிடைத்தவர் ஜனவரி 20 அன்று பதவியேற்பார்.

அந்த 538 எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ அத்தனை, அதோடு செனட்டுக்கு இரண்டு. பிரதிநிதிகள் சபை இடங்கள் 435, மக்கள்தொகையை வைத்துப் பிரிப்பவை. செனட்டில் சின்ன மாநிலம் பெரிய மாநிலம் என்ற வேறுபாடில்லாமல் ஆளுக்கு இரண்டு, ஆக 100. தலைநகர் வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராது என்பதால் அதற்கு 1961இல் ஒரு சட்டத் திருத்தம் செய்து 3 கொடுத்தார்கள். (போர்ட்டோ ரிகோவில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கக் குடிமக்கள் இருக்கிறார்கள், அது மாநிலம் இல்லை என்பதால் அங்கே வாழும்வரை அதிபர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டே கிடையாது. இது பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.)

இந்தக் கூடுதல் இரண்டால்தான் சின்ன மாநிலங்களின் எடை ஏறுகிறது. வயோமிங்கில் 2020 கணக்கெடுப்புப்படி சுமார் 5 லட்சத்து 77 ஆயிரம் பேர், தேர்வாளர்கள் 3. ஒரு தேர்வாளருக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பேர். கலிஃபோர்னியாவில் சுமார் 3 கோடியே 95 லட்சம் பேர், தேர்வாளர்கள் 54. ஒருவருக்கு 7 லட்சத்து 32 ஆயிரம் பேர். ஆக வயோமிங்காரர் ஒருவரின் எடை கலிஃபோர்னியாகாரரைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இந்தக் கணக்கைப் பார்த்ததும் எல்லாருக்கும் கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் பெரிய கோளாறு இதில் இல்லை.

பெரிய கோளாறு, ஒரு மாநிலத்தில் முதலில் வந்தவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களையும் மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பது. 50இல் 48 மாநிலங்களும் தலைநகரும் இப்படித்தான் செய்கின்றன. ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் 30 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் ஒன்றுதான். தோற்றவருக்கு விழுந்த ஓட்டு அந்த மாநில எல்லையோடு நின்றுவிடும். 2020இல் டிரம்ப்புக்குக் கலிஃபோர்னியாவில் 60 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அவர் ஜெயித்த டெக்சாஸில்கூட அவருக்கு அவ்வளவு விழவில்லை. அந்த 60 லட்சத்துக்குக் கிடைத்த தேர்வாளர் ஒருவர்கூட இல்லை. டெக்சாஸில் பைடனுக்கு ஓட்டுப் போட்ட 50 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கும் அதே கதி.

இன்னொன்று, இந்த மொத்தமாகக் கொடுக்கும் வழக்கம் அரசியல் சட்டத்தில் எங்கேயும் இல்லை. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் முடிவு செய்துகொள்ளலாம் என்று மட்டுமே அதில் எழுதியிருக்கிறது. மெய்னும் நெப்ராஸ்காவும் வேறு மாதிரி செய்கின்றன: மாநில அளவில் ஜெயித்தவருக்கு இரண்டு, மீதி தொகுதிக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கின்றன. அதனால்தான் குடியரசுக் கட்சியின் கோட்டையான நெப்ராஸ்காவில், ஒமாஹா நகரைச் சுற்றிய ஒரு தொகுதி மட்டும் 2008இலும் 2020இலும் 2024இலும் ஜனநாயகக் கட்சிப் பக்கம் போனது.

நம் ஊர் வாசகருக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். இந்தியக் குடியரசுத் தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லையே, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தானே தேர்ந்தெடுக்கிறார்கள், தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு மதிப்பு 176, உத்தரப் பிரதேசத்துக்கு 208 என்றெல்லாம் கணக்கு உண்டே, அதில் யாரும் குறை சொல்வதில்லையே? சரியான கேள்வி. ஆனால் இந்தியாவில் நாட்டை ஆள்வது பிரதமர். குடியரசுத் தலைவர் அமைச்சரவை சொல்வதைக் கேட்டு நடப்பவர். ஓட்டுப் போடும் எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் ஏற்கனவே மக்கள் தேர்ந்தெடுத்து, வேறு வேலையும் செய்துகொண்டிருப்பவர்கள். அமெரிக்க அதிபரோ ராணுவத்துக்குத் தலைவர், அரசாங்கத்துக்குத் தலைவர், நீதிபதிகளை நியமிப்பவர். அவ்வளவு அதிகாரம் உள்ள பதவிக்கு, ஒரே ஒரு நாள் வேலைக்காக மட்டும் நியமிக்கப்பட்டு, அதுவும் கட்சி சொன்னதையே எழுதிக் கொடுக்கும் ஒரு குழு நடுவில் நிற்கிறது. இரண்டும் ஒன்றில்லை.

ஏன் இப்படி வைத்தார்கள்?

1787இல் பிலடெல்ஃபியாவில் அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தபோது, அதிபரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் அவர்கள் மாதக்கணக்கில் மாறி மாறி முடிவெடுத்தார்கள். பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் போன்றவர்கள் இவ்வளவு பெரிய நாட்டில் சாதாரண மனிதனுக்கு வேட்பாளரைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். ரயில் இல்லாத, தந்தி இல்லாத காலம், அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கட்டும் என்ற யோசனையும் இருந்தது, அப்படிச் செய்தால் அதிபர் அவர்கள் கைப்பாவையாகிவிடுவார் என்று அதைக் கடைசியில் கைவிட்டார்கள்.

இதுவரை பள்ளிப் புத்தகத்திலும் இருக்கும். அதில் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. ஜூலை 19ஆம் தேதி, வர்ஜீனியாவிலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் மேடிசன் எழுந்து பேசினார். மக்களே தேர்ந்தெடுப்பதுதான் பொருத்தம் என்று தானும் நினைப்பதாகச் சொல்லிவிட்டு, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்றார்: வடக்கில் ஓட்டுரிமை உள்ளவர்கள் அதிகம், தெற்கில் மக்கள்தொகையில் பெரும்பகுதி அடிமைகள், அவர்களுக்கு ஓட்டு இல்லை என்பதால் நேரடித் தேர்தலில் தெற்குக்குச் செல்வாக்கு இருக்காது, தேர்வாளர்கள் முறை அந்தச் சிக்கலைத் தீர்க்கும். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர். பிரதிநிதிகள் சபை இடங்களைப் பிரிப்பதற்கு ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடுவது என்று ஏற்கனவே முடிவாகியிருந்தது. தேர்வாளர் எண்ணிக்கை அந்த இடங்களை ஒட்டியே அமைந்ததால், ஓட்டுப் போடவே முடியாத, சந்தையில் விற்கப்பட்ட மனிதர்களின் தலைக்கணக்கு, அவர்களின் எஜமானர்களுக்கு அதிபர் தேர்தலில் எடையைக் கூட்டியது. 1800 கணக்கெடுப்பில் சுதந்திரமான மக்கள் பென்சில்வேனியாவில்தான் வர்ஜீனியாவைவிட அதிகம். ஆனால் அதையடுத்துப் பென்சில்வேனியாவுக்குக் கிடைத்த தேர்வாளர்கள் 20, வர்ஜீனியாவுக்கு 24. முதல் 36 வருடங்களில் 32 வருடம் அதிபர் நாற்காலியில் வர்ஜீனியாக்காரர்களே இருந்தார்கள்.

அடிமை முறை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வில்சன் போன்ற எதிர்ப்பாளர்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட சமரசம் அது, எல்லாரும் களைத்துப்போயிருந்த கடைசி நாட்களில் ஒரு சிறு குழு எழுதி முன்வைத்தது. ஆனால் அடிமை முறைக்கு இதில் பங்கில்லை என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள், மேடிசன் வாயாலேயே சொன்னது பதிவாகியிருக்கும்போது அதை ஏற்க முடியாது.

அவர்கள் நினைத்தபடியும் இது நடக்கவில்லை. விவரமான சில பெரியவர்கள் கூடி, யோசித்து, நல்லவர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற கற்பனை, கட்சிகள் வந்ததும் பத்துப் பதினைந்து வருடத்தில் போய்விட்டது. 1800 தேர்தலில் தாமஸ் ஜெஃபர்சனுக்கும் அவரோடு துணை அதிபராக நின்ற ஆரன் பர்ருக்கும் ஆளுக்கு 73 விழுந்து சமமாகி, பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்துத்தான் தீர்த்தது. அதற்காக 1804இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது, அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனி ஓட்டு என்று. அதே 1800 தேர்தலை ஒட்டித்தான், தங்கள் ஆளுக்குச் சிந்தாமல் சிதறாமல் எல்லாத் தேர்வாளர்களும் கிடைக்கட்டும் என்று வர்ஜீனியா மொத்தமாகக் கொடுக்கும் முறைக்கு மாறியது. ஒரு மாநிலம் அப்படிச் செய்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1830களின் நடுவில் கிட்டத்தட்ட எல்லா மாநிலமும் மாறியிருந்தது. இன்று அரசியல் சட்டத்தை எழுதியவர்களின் ஞானம் என்று சிலர் காப்பாற்ற நினைப்பது, உண்மையில் அவர்கள் எழுதாத, கட்சிக்காரர்கள் பிற்பாடு கொண்டுவந்த ஏற்பாடு.

அப்புறம் இன்னொரு விஷயம், என்னை அதிகம் உறுத்துவது இதுதான். ஒரு மாநிலத்தில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டாலும் தேர்வாளர் எண்ணிக்கை மாறாது. 90 சதவீதம் பேர் போட்டாலும் அதே, 20 சதவீதம் பேர் போட்டாலும் அதே. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அடிமை முறை ஒழிந்தது, கறுப்பின மக்கள் முழு மனிதராகவே கணக்கில் வந்தார்கள், அதனால் தென் மாநிலங்களின் தேர்வாளர் எண்ணிக்கை முன்பைவிடக் கூடவே செய்தது. ஆனால் ஓட்டு வரி, எழுத்தறிவுச் சோதனை, கும்பல் வன்முறை என்று பல வழிகளில் அவர்களை ஓட்டுச்சாவடிக்கு வரவிடாமல் தடுத்தார்கள், 1965இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை. நேரடித் தேர்தல் இருந்திருந்தால் தன் மக்களில் பாதிப் பேரைத் தடுக்கும் மாநிலம் தன் செல்வாக்கையும் இழந்திருக்கும். தேர்வாளர் குழு இருந்ததால் எதையும் இழக்கவில்லை. பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்த மாநிலத்துக்கும் இதனால் லாபம் இல்லை, கொடுக்காத மாநிலத்துக்கு நஷ்டம் இல்லை. ஓட்டைப் பரவலாக்கினால் எந்தப் பலனும் கிடைக்காத ஒரு முறையை ஜனநாயகம் ஏன் சுமக்க வேண்டும்?

தலைகீழ் முடிவுகளும், அதைவிடப் பெரிய நஷ்டமும்

அதிக ஓட்டு வாங்கியும் தோற்றது 1824, 1876, 1888, 2000, 2016 ஆகிய ஐந்து தேர்தல்களில் நடந்திருக்கிறது. 1824 கொஞ்சம் வேறு மாதிரி, யாருக்கும் பெரும்பான்மை வராததால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்தது. 2000 எல்லாருக்கும் நினைவிருக்கும்: அல் கோர் நாடு முழுக்க 5 லட்சத்துக்கு மேல் ஓட்டு கூடுதலாக வாங்கியிருந்தார், ஃப்ளோரிடாவில் 537 ஓட்டில் தோற்றார், ஜார்ஜ் புஷ் 271 தேர்வாளர்களோடு அதிபரானார்.

இங்கேதான் மேலே சொன்னதற்கு வருகிறேன். சின்ன மாநிலங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் தலைநகரிலிருந்தும் அந்த இரண்டைக் கழித்துவிட்டால் 2000இல் கோருக்கு 225, புஷ்ஷுக்கு 211, கோர் ஜெயித்திருப்பார். ஆனால் 2016இல் அதே இரண்டைக் கழித்தாலும், மாநிலங்கள் தந்த முடிவுப்படி, டிரம்ப்புக்கு 246, கிளின்டனுக்கு 190. அப்போதும் டிரம்ப்தான். 28 லட்சம் ஓட்டு முன்னிலையை விழுங்கியது மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 78 ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில், அந்த மாநிலங்களை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்த வழக்கம்.

தலைகீழ் முடிவு எப்போதாவது வருவது. ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கும் நஷ்டம் வேறு. 2024இல் இரண்டு கட்சிகளும் பிரசாரத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தது பென்சில்வேனியா, ஜார்ஜியா, வட கரோலினா, மிச்சிகன், அரிசோனா, விஸ்கான்சின், நெவாடா ஆகிய ஏழு மாநிலங்களில். மொத்தம் 93 தேர்வாளர்கள். மீதி மாநிலங்களின் முடிவு முன்கூட்டியே தெரியும் என்பதால் அங்கே வேட்பாளர்கள் நிதி திரட்டத்தான் போவார்கள், ஓட்டுக் கேட்க அல்ல. நியூ ஜெர்சியிலும் டல்லாஸிலும் கலிஃபோர்னியா வளைகுடாப் பகுதியிலும் இருக்கும் நம் தமிழர்களைக் கேட்டால் தெரியும், குடியுரிமை வாங்கி ஓட்டுரிமையும் வந்த பிறகு அந்த ஓட்டை யாரும் கேட்டு வருவதில்லை. அதே குடும்பம் வட கரோலினாவின் ஷார்லட்டில் இருந்தால் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இது பிரசாரத்தோடு முடிவதும் இல்லை. பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பதைத் தடை செய்வேன் என்று 2019இல் சொன்ன கமலா ஹாரிஸ், 2024இல் தடை செய்ய மாட்டேன் என்றார். அந்தத் தொழில் பென்சில்வேனியாவில் பெரியது, பென்சில்வேனியா இல்லாமல் 270 கஷ்டம். ஃப்ளோரிடா இழுபறி மாநிலமாக இருந்த காலத்தில் கியூபாவைப் பற்றிய அமெரிக்கக் கொள்கையைத் தொடவே இரண்டு கட்சிகளும் தயங்கின, அங்கே குடியேறிய கியூபாக்காரர்களின் ஓட்டுக்காக. எந்த மாநிலத்தில் கடும் போட்டி என்ற தற்செயல், நாட்டின் கொள்கையைத் தீர்மானிக்கிறது.

வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் சொல்வது

அவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. சில வாதங்களை நான் மதிக்கிறேன்.

சின்ன மாநிலங்களைப் பாதுகாக்கிறது என்பது அடிக்கடி வரும் ஒன்று, ஆனால் வலுவில்லாதது. வயோமிங்குக்கும் இரண்டு டகோட்டாக்களுக்கும் வெர்மான்ட்டுக்கும் தேர்தல் காலத்தில் யார் போகிறார்கள்? போட்டி இல்லாத சின்ன மாநிலத்தைப் பெரிய மாநிலத்தைப் போலவே ஒதுக்கிவிடுகிறார்கள். நேரடித் தேர்தல் வந்தால் பெரிய நகரங்களே நாட்டை ஆண்டுவிடும் என்பார்கள். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலிஸும் சிகாகோவும் சேர்ந்தாலும் நாட்டின் மக்கள்தொகையில் இருபதில் ஒரு பங்குகூட வராது, அங்கேயும் எல்லாரும் ஒரே கட்சிக்குப் போடுவதில்லை.

இது மாநிலங்களின் கூட்டமைப்பு, ஆகவே மாநிலவாரியாக ஜெயிக்க வேண்டும் என்பது அடுத்தது. பேஸ்பால் தொடரை வைத்து இதை விளக்குவார்கள், நமக்குக் கிரிக்கெட்டை வைத்துச் சொல்லலாம்: ஐந்து ஆட்டத் தொடரில் மொத்த ரன் யாருக்கு அதிகம் என்று பார்ப்பதில்லை, எத்தனை ஆட்டம் ஜெயித்தாய் என்றுதான் பார்ப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரன்னுக்கு உரிமை கிடையாது, ஓட்டுப் போட்ட மனிதருக்கு உண்டு. மாநிலங்களுக்குச் சம மரியாதை வேண்டும் என்பதற்காகத்தான் செனட் இருக்கிறது, அது ஒவ்வொரு சட்டத்திலும் நியமனத்திலும் தன் பங்கைச் செலுத்துகிறது. அதிபர் எல்லாருக்கும் பொதுவானவர்.

மறு எண்ணிக்கை பற்றிய வாதத்தில் சத்து இருக்கிறது. 2000இல் ஃப்ளோரிடா ஒன்றை எண்ணுவதற்கே ஐந்து வாரம் நீதிமன்றம் வரை போனது, நாடு முழுக்க எண்ண வேண்டி வந்தால் என்ன ஆகும்? 1960இல் கென்னடியும் நிக்சனும் ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் நின்றார்கள், அப்படி மறுபடியும் வரலாம். என் பதில் இது: கோடிக்கணக்கான ஓட்டில் அவ்வளவு நெருக்கமான முடிவு அபூர்வம், ஆனால் 50 தனித்தனி போட்டிகளில் எங்காவது ஒன்றிரண்டு நெருக்கமாக அமைவது அடிக்கடி நடக்கிறது. 2020இல் பைடனுக்கும் டிரம்ப்புக்கும் நாடளவில் வித்தியாசம் 70 லட்சம். அந்த வித்தியாசத்தோடு பார்த்தால் பேச்சே எழுந்திருக்கக் கூடாது. ஆனால் ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து 43 ஆயிரம்தான், அதனால்தான் அந்த மாநில அதிகாரிகளை ஃபோனில் கூப்பிட்டு மிரட்டுவதும், போலித் தேர்வாளர் பட்டியல் தயாரிப்பதும், கடைசியில் 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்துக்குள் கும்பல் புகுந்ததும் நடந்தன. நடுவில் இத்தனை படிகள் இருப்பது ஆபத்தைக் குறைக்கவில்லை, கெடுக்க நினைப்பவர்களுக்கு இத்தனை இடங்களைக் காட்டிக்கொடுத்தது. 2022இல் எண்ணும் நடைமுறையைச் சட்டம் போட்டு இறுக்கியிருக்கிறார்கள், நல்ல விஷயம்.

அந்த 43 ஆயிரம் ஓட்டு மாறியிருந்தால் 269-269 என்று சமமாகியிருக்கும். அப்போது என்ன நடக்கும் தெரியுமா? பிரதிநிதிகள் சபை அதிபரைத் தேர்ந்தெடுக்கும், ஆனால் ஆளுக்கு ஒரு ஓட்டு கிடையாது, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. 52 உறுப்பினர்கள் உள்ள கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, ஒரே உறுப்பினர் உள்ள வயோமிங்குக்கும் ஒன்று. 26 கிடைத்தவர் அதிபர். இதை நியாயப்படுத்தி ஒருவர் எழுதி நான் படித்ததில்லை, தேர்வாளர் குழுவை விரும்புபவர்கள்கூட இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தேர்வாளர்கள் கட்சி மாறி ஓட்டுப் போட்டால் என்ன என்ற கேள்வி பெரிதாகப் பேசப்படும். 2016இல் 7 பேர் அப்படிப் போட்டார்கள். மாநிலங்கள் அவர்களைக் கட்டுப்படுத்தலாம், தண்டிக்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. இனி இது பெரிய விஷயமாக இருக்காது.

மாற்றுவது எப்படி?

ஒருமுறை கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. 1968இல் ஜார்ஜ் வாலஸ், நிறப் பிரிவினையை ஆதரித்தவர், மூன்றாவது வேட்பாளராக நின்று தெற்கில் 5 மாநிலங்களில் ஜெயித்து 46 தேர்வாளர்களைப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் யார் அதிபர் என்று பேரம் பேசியிருப்பார். பயந்துபோன இரு கட்சியினரும் சேர்ந்து, 1969 செப்டம்பரில் நேரடித் தேர்தலுக்கான திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபையில் 338-70 என்று நிறைவேற்றினார்கள். அதிபர் நிக்சனும் ஆதரித்தார். செனட்டில் இந்தியானாவின் பர்ச் பே அதைத் தூக்கிச் சுமந்தார். ஆனால் தென் மாநில செனட்டர்கள், ஸ்ட்ராம் தர்மண்ட், ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், சாம் எர்வின் போன்றவர்கள், பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். பேச்சை முடித்து வாக்கெடுப்புக்குப் போக மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், 1970 செப்டம்பரில் 54-36 என்று நின்றுவிட்டது. 1979இல் மறுபடி முயன்றார் பே, 51-48, அதுவும் போதவில்லை. அந்த முறை சில கறுப்பின, யூத அமைப்புகளின் தலைவர்களே எதிர்த்தார்கள், பெரிய போட்டி மாநிலங்களில் தங்கள் மக்களுக்குள்ள பேர பலம் போய்விடும் என்று. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, வேறு எங்கும் பலமில்லாதவர்கள் கையில் இருந்ததை விட யோசித்தார்கள்.

சட்டத் திருத்தத்துக்கு இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதன்பின் 38 மாநிலங்களின் ஒப்புதல். 13 மாநிலம் மறுத்தால் போச்சு. ஆகவே குறுக்கு வழிகளைத் தேடுகிறார்கள்.

மெய்ன், நெப்ராஸ்கா மாதிரி எல்லா மாநிலமும் தொகுதிவாரியாகப் பிரித்தால் என்ன என்று முதலில் தோன்றும். வேண்டவே வேண்டாம். தொகுதி எல்லைகளை ஆளும் கட்சி தனக்குச் சாதகமாக வளைத்து வரையும் நாடு அது. அப்படிச் செய்திருந்தால் 2012இல் ஒபாமாவைவிட 50 லட்சம் ஓட்டு குறைவாக வாங்கிய மிட் ராம்னி அதிபராகியிருப்பார். ஓட்டு விகிதப்படி தேர்வாளர்களைப் பிரிப்பது கொஞ்சம் மேல், ஆனால் எந்த மாநிலமும் தனியாக முதலில் இறங்காது. கலிஃபோர்னியா மட்டும் பிரித்துக் கொடுத்தால் ஜனநாயகக் கட்சிக்கு நஷ்டம், டெக்சாஸ் மட்டும் கொடுத்தால் குடியரசுக் கட்சிக்கு.

2007இல் மேரிலாண்டில் தொடங்கிய மாநிலங்களின் ஒப்பந்தம் இந்தத் தயக்கத்தை அழகாகத் தாண்டுகிறது. சேர்ந்த மாநிலங்கள், நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவருக்கே தங்கள் தேர்வாளர்களைக் கொடுப்பதாகச் சட்டம் போடுகின்றன, ஆனால் சேர்ந்த மாநிலங்களின் மொத்தம் 270ஐத் தொட்ட பிறகுதான் அது அமலுக்கு வரும். 2024இல் மெய்ன் சேர்ந்தபோது கணக்கு 209. இதில் இரண்டு கவலைகள். நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் மாநிலங்கள் இப்படி ஒப்பந்தம் போடலாமா என்று வழக்கு நிச்சயம் வரும். இன்னொன்று, அந்த 209இல் இருந்தவை ஜனநாயகக் கட்சி பலமாக உள்ள மாநிலங்கள். ஒரே கட்சியின் கையால் கட்டிய ஏற்பாட்டை மறு கட்சி ஆட்சிக்கு வந்ததும் ஒரு மாநிலத்தை விலக வைத்தே கலைத்துவிடலாம். அது அமலாவதைப் பார்க்க ஆசைதான், ஆனால் நிலைத்து நிற்பது சட்டத் திருத்தம் மட்டுமே.

நேரடித் தேர்தல் என்று ஒற்றை வரியில் எழுதினால் வேலை முடியாது. இந்தியாவில் இருப்பதுபோல நாடு முழுக்கத் தேர்தலை நடத்தும் ஆணையம் அமெரிக்காவில் இல்லை. அங்கே மத்தியத் தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருந்தாலும் அதன் வேலை தேர்தல் நிதியைக் கண்காணிப்பது. வாக்காளர் பதிவு, தபால் ஓட்டு, அடையாள அட்டை, தண்டனை பெற்றவர்களின் ஓட்டுரிமை எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஓட்டுகளை ஒன்றாகக் கூட்ட வேண்டுமென்றால் விதிகளையும் ஓரளவு ஒன்றாக்க வேண்டும், மாநிலங்கள் அதைச் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது.

பலர் போட்டியிட்டு 35 சதவீதத்தில் ஒருவர் ஜெயித்துவிட்டால்? 1970இல் செனட்டில் நின்றுபோன அந்தத் திருத்தத்தில் 40 சதவீதம் வேண்டும், இல்லையென்றால் முதல் இருவருக்கும் மறுதேர்தல் என்று வைத்திருந்தார்கள். பிரான்ஸ் 1962இல் மக்களிடம் வாக்கெடுத்துத் தன் தேர்வாளர் குழுவைக் கைவிட்டபோது, பாதிக்கு மேல் வராவிட்டால் இரண்டாம் சுற்று என்று வைத்தது. அமெரிக்காவைப் பார்த்தே தேர்வாளர் குழுவை அமைத்துக்கொண்ட அர்ஜென்டினா 1994இல் அதைக் கைவிட்டது. அங்கே 45 சதவீதம், அல்லது 40 சதவீதத்தோடு அடுத்தவரைவிட 10 சதவீத முன்னிலை இருந்தால் முதல் சுற்றிலேயே முடிந்துவிடும். இலங்கையில் விருப்பு வாக்கு இருக்கிறது. வாக்காளர் 1, 2, 3 என்று எழுதலாம், யாருக்கும் பாதி வராவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களை நீக்கி, அவர்களுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க 42 சதவீதத்தில் நின்றபோது வரலாற்றில் முதல்முறையாக அந்த எண்ணிக்கை நடந்தது, இன்னொரு தேர்தல் செலவில்லாமல் முடிந்தது. ஆனால் இரண்டாவது விருப்பத்தை எழுதாமல் விட்டவர்கள் நிறைய, அதனால் அதற்குமுன் வருடக்கணக்கில் வாக்காளருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த மூன்றில் எதை அமெரிக்கா எடுத்தாலும் இப்போதிருப்பதைவிட மேல், என் ஓட்டு விருப்பு வாக்குக்கு. மெய்னும் அலாஸ்காவும் ஏற்கனவே அந்த மாதிரி ஓட்டுப் போட்டுப் பழகியும் இருக்கின்றன.

இன்று இது கட்சிச் சண்டையாகிவிட்டது. 1992இலிருந்து பார்த்தால் குடியரசுக் கட்சி நாடளவில் அதிக ஓட்டு வாங்கியது 2004இலும் 2024இலும் மட்டும், அதிபரானது நான்கு முறை, அதனால் அவர்கள் விட மாட்டேன் என்கிறார்கள். ஆனால் 2004இல் ஒஹையோவில் மட்டும் 60 ஆயிரம் பேர் மாற்றிப் போட்டிருந்தால், 30 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கிய புஷ் தோற்று ஜான் கெர்ரி அதிபராகியிருப்பார். நான்கே வருட இடைவெளியில் இரண்டு கட்சிகளுக்கும் அதே அடி விழுந்திருக்கும், அப்போது 338-70 போன்ற ஒரு வாக்கெடுப்பு மறுபடியும் நடந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.